பழைய லேப்டாப்பில் வைஃபை நிற்கவில்லை என்றால் எங்கிருந்து தேடுவது

கேள்வி இதுதான்: ஏறக்குறைய பத்து வருடமான லேப்டாப். வீட்டில் புது ரூட்டர் வைத்ததிலிருந்து வைஃபை தொல்லை கொடுக்கிறது. சில நேரம் இணைப்பின் பெயரே பட்டியலில் வருவதில்லை. சில நேரம் இணைந்தும் எந்தப் பக்கமும் திறப்பதில்லை. திறந்தாலும் கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடுகிறது. அதே அறையில் போன்கள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. லேப்டாப்பின் காலம் முடிந்துவிட்டதா, தூக்கிப் போட்டுவிடலாமா?

வைஃபைக்காகத் தூக்கிப் போட வேண்டாம். லேப்டாப்பில் அந்த வேலையைச் செய்வது தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு சின்ன கார்டுதான். அது நிஜமாகவே செத்துப்போயிருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது சாகவில்லை என்றே நினைக்கிறேன். ரூட்டரை மாற்றிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்பது உங்கள் கேள்வியிலேயே முக்கியமான தகவல். பழைய லேப்டாப்பில் வரும் வைஃபை தொல்லைகளில் நிறைய, எதுவும் கெட்டுப்போனதால் வருவதில்லை. ரூட்டரும் லேப்டாப்பும் வெவ்வேறு காலத்துப் பொருள்கள் என்பதால் வருகின்றன.

அந்தக் கால இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். 802.11 என்று தொடங்குபவை வைஃபை முறைகளின் பெயர்கள். 802.11ஜி வந்தது 2003இல், உச்ச வேகம் வினாடிக்கு 54 மெகாபிட். 802.11என் 2009இல் முறைப்படி ஏற்கப்பட்டது. 802.11ஏசி 2013இல் வந்தது. வைஃபை 6 என்று பெட்டியில் அச்சிடப்படும் 802.11ஏஎக்ஸ் கருவிகளுக்குச் சான்றிதழ் தருவது 2019இல் தொடங்கியது, வைஃபை 7க்கு 2024இல். பாதுகாப்பு முறையிலும் இதே கதை: டபிள்யூபிஏ2 2004இல், டபிள்யூபிஏ3 2018இல். புதியது பழையதோடு ஒத்துப்போக வேண்டும் என்பது விதி, ஏட்டளவில் ஒத்துப்போகவும் செய்கிறது. ஆனால் கார்டு செய்யப்பட்ட காலத்தில் இல்லாத ஒன்றை ரூட்டர் அறிவிக்கும்போது, அந்தக் கார்டின் பழைய டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) சில நேரம் குழம்பிப்போகிறது. உங்கள் சிக்கலின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன், அறுபடுவது எந்த இடத்தில் என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள். 'நெட் வரல' என்ற ஒரே புகாருக்குள் மூன்று தனித்தனி நோய்கள் இருக்கலாம்: லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவே ரேடியோ இணைப்பு சரியில்லாமல் இருக்கலாம்; இணைப்பு இருந்தும் ரூட்டரிடமிருந்து ஐபி முகவரி (நெட்வொர்க்கில் லேப்டாப்பை அடையாளம் காட்டும் எண்) கிடைக்காமல் இருக்கலாம்; முகவரியும் கிடைத்து, அதற்கு அப்பால் எங்கோ தடை இருக்கலாம். இதைப் பிரிக்காமல் விண்டோஸையே மறுபடி நிறுவுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு நாள் முழுக்கப் போகும், நோய் அப்படியே இருக்கும்.

பிரிப்பது சுலபம். வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டும் நேரத்தில் அதன் விவரங்களைத் திறந்து ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி கொடுக்கவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் முகவரி வந்துவிட்டது. அடுத்து, அதே இடத்தில் 'டிஃபால்ட் கேட்வே' என்று இருப்பது ரூட்டரின் முகவரி. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை அந்த முகவரிக்குக் கொடுங்கள். பதில் ஒழுங்காக, சில மில்லி வினாடிகளில் வந்தால் ரேடியோ இணைப்பு நலம். நேரம் தாறுமாறாக ஏறி இறங்கினாலோ, நடுநடுவே 'டைம்டு அவுட்' வந்தாலோ கோளாறு லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவில்தான், நெட் கம்பெனிக்குப் போன் போட்டுப் பயனில்லை. ரூட்டர் பதில் சொல்கிறது, 8.8.8.8 (வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் முகவரி) பதில் சொல்லவில்லை என்றால் வெளியே பாருங்கள். 8.8.8.8 பதில் தருகிறது, ஆனால் எந்தத் தளமும் பெயர் சொல்லித் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கோளாறு. வைஃபை அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கையால் கொடுத்தால் அது அங்கேயே தீரும்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். முதலில், பெயரே தெரியாத நிலை.

எந்த வைஃபையின் பெயரும் தெரியவில்லையா, உங்கள் ரூட்டரின் பெயர் மட்டும் தெரியவில்லையா? இரண்டும் முற்றிலும் வேறு. எதுவுமே தெரியவில்லை என்றால் கார்டு அணைந்திருக்கிறது. பழைய லேப்டாப்புகள் பலவற்றில் பக்கவாட்டிலோ முன்விளிம்பிலோ வைஃபைக்கென்றே நகர்த்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. பையில் வைத்து எடுக்கும்போது அது தானாக நகர்ந்துவிடும். வேறு சிலவற்றில் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தும் விசை. இதெல்லாம் சரியாக இருந்தும் கார்டு காணாமல்போயிருந்தால் லேப்டாப்பை முழுக்க அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிகிற பேட்டரியானால் அதையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். ஏதோ மந்திரம்போலத் தெரியும். ஆனால் காரணம் எளியது: லேப்டாப்பை அணைத்தாலும் கார்டுக்குச் சிறிது மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், அதனால் குழம்பிய நிலையிலேயே அது மாட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் முழுதாக அறுந்தால்தான் புதிதாகத் தொடங்கும்.

மற்றவர்களின் பெயரெல்லாம் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது ரூட்டரின் அமைப்பை. வைஃபை ஓடுவது பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில். பழைய கார்டுகளில் பெரும்பகுதி 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. இன்டெல்லின் 'சென்ட்ரினோ வயர்லெஸ்-என்' வரிசையில் பல, அத்தெரோஸ் ஏஆர்9285, ரியல்டெக் ஆர்டிஎல்8188சிஇ எல்லாம் இந்த ரகம். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கினால் இந்தக் கார்டுகளுக்கு அது இல்லாத ஊர். 2.4 இயங்கினாலும் இன்னொரு வலை இருக்கிறது. அந்த அலைவரிசையில் சேனல்கள் 1 முதல் 13 வரை. அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான் பயன்படுத்துகிறார்கள், அந்தச் சந்தைக்கென அமைக்கப்பட்ட கார்டுகள் 12, 13ஐப் பார்ப்பதே இல்லை. ரூட்டர் 'ஆட்டோ'வில் இருந்து ஒருநாள் 13க்குப் போய்விட்டால், அன்று மட்டும் லேப்டாப்பில் பெயர் மறைந்துவிடும். மறுநாள் ரூட்டரை அணைத்துப் போட்டால் திரும்ப வரும். நீங்கள் சொல்லும் 'சில நேரம் தெரிவதில்லை' என்பதற்கு இது நன்றாகப் பொருந்துகிறது. சேனலைக் கையால் 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வைத்துவிடுங்கள். இந்த மூன்றுதான் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை.

உங்கள் கார்டு 5 கிகாஹெர்ட்ஸும் அறிந்ததாக இருந்தால் அங்கும் சேனலைக் கவனியுங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால் அவற்றுக்குக் கூடுதல் விதிகள் உண்டு, பழைய கார்டுகள் சில அவற்றைத் தொடுவதே இல்லை. 36 முதல் 48க்குள் வைத்தால் பழைய கருவிகளுக்கு நிம்மதி.

வைஃபை 6 ரூட்டரானால் இன்னொரு பிரபலமான காரணம் உண்டு. இன்டெல் 7260, 3160, 7265 போன்ற கார்டுகள் பழைய டிரைவரோடு இருக்கும்போது 802.11ஏஎக்ஸ் முறையில் இயங்கும் ரூட்டரின் பெயரைக் காட்டாமல் விட்டுவிடும். கார்டில் பழுதில்லை, ரூட்டர் அனுப்பும் புதுவகை அறிவிப்பைப் பழைய டிரைவரால் படிக்க முடியவில்லை. இன்டெல்லே இதை ஒப்புக்கொண்டு, டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறது. புது டிரைவர் போட்டதும் பெயர் வந்து உட்காரும். அதற்கு வழியில்லை என்றால் ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு மட்டும் ஏஎக்ஸ் முறையை அணைத்து 'பி, ஜி, என்' கலவையாக வைக்கலாம். போன்கள் 5 கிகாஹெர்ட்ஸில் தொடர்ந்து புது முறையிலேயே ஓடும், அவற்றுக்கு நஷ்டமில்லை.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் 'இணைக்க முடியவில்லை' என்கிறதா? பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கார்டு உள்ளே வர முடியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த கலவையாக இருந்தால் வர வேண்டும், ஆனால் சில பழைய டிரைவர்கள் அந்தக் கலவையைக் கண்டாலே திணறுகின்றன. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் (அதன் குறியாக்க முறை) என்று தனியாக வைத்தால் சரியாகிவிடும். இதற்காக முழு வீட்டின் பாதுகாப்பையும் இறக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ரூட்டர்களில் 'கெஸ்ட்' இணைப்பு என்று தனியாக ஒன்று திறக்கலாம். அதை 2.4 கிகாஹெர்ட்ஸில், டபிள்யூபிஏ2இல் வைத்து லேப்டாப்பை மட்டும் அதில் விடுங்கள். பெயரும் வேறாகிவிடுவதால், 2.4க்கும் 5க்கும் ஒரே பெயர் வைத்துக் கருவிகளை அங்குமிங்கும் தள்ளும் ரூட்டரின் வேலையிலிருந்தும் லேப்டாப் தப்பிக்கும். அந்தத் தள்ளுமுள்ளுதான் பல பழைய கார்டுகள் அறுந்து அறுந்து இணையக் காரணம். ஒன்று கவனியுங்கள்: கெஸ்டில் இருக்கும் லேப்டாப்பால் வீட்டுப் பிரின்டரையோ மற்றக் கணினிகளையோ பார்க்க முடியாமல் போகலாம், அதுதான் அந்த இணைப்பின் நோக்கமே.

ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருப்பேன். பழைய லேப்டாப்புக்காக டபிள்யூஇபி என்ற பழைய முறைக்கோ, பாஸ்வேர்டே இல்லாத நிலைக்கோ ரூட்டரை இறக்காதீர்கள். டபிள்யூஇபியைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. டபிள்யூஇபிக்கும் ஏஇஎஸ்ஸுக்கும் இடைப்பட்ட டிகேஐபி என்ற நடுத்தர வழியும் வேண்டாம். பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, டிகேஐபியோடு 802.11என் வேகம் கிடைக்காது, 54 மெகாபிட்டுக்கே இறங்கிவிடும். 'என்னுடையது 802.11என் கார்டு, ஆனால் 54தான் காட்டுகிறது' என்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

ரூட்டரில் எதை மாற்றினாலும், லேப்டாப்பில் சேமித்துவைத்திருக்கும் பழைய இணைப்பை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். பழைய விவரத்தை வைத்துக்கொண்டு லேப்டாப் தட்டிக்கொண்டே இருக்கும், நீங்கள் செய்த மாற்றம் பலிக்கவில்லை என்று தவறாக நினைத்துவிடுவீர்கள்.

அடுத்து, இணைந்தும் பக்கம் திறக்காத நிலை. பழைய லேப்டாப்பில் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் சின்ன வட்ட பேட்டரி ஒன்று இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032 ரகம். அது தீர்ந்தால் சார்ஜரும் பேட்டரியும் இல்லாத நேரத்தில் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களையும் பிரவுசர் அவற்றின் பாதுகாப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் திறக்கிறது. லேப்டாப்பின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் மறுத்துவிடும். வைஃபை முழு நலத்தோடு இருக்க, பழி மட்டும் அதன் மேல் விழும்.

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் மறுத்தால், இயங்குதளத்தின் வயதுதான் காரணம். தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அன்று புதுப்பிக்கப்படாத பழைய கணினிகள் பலவற்றில் நிறையத் தளங்கள் ஒரே நேரத்தில் திறக்காமல் போயின. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14லேயே முடிந்துவிட்டது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. வைஃபையை எவ்வளவு சரிசெய்தாலும் இது தீராது. இயங்குதளத்தை மாற்ற வேண்டும், அல்லது இன்னும் புதுப்பிக்கப்படும் பிரவுசரையாவது போட வேண்டும். முன்பு போட்டு நீக்கிய விபிஎன், ஆன்டிவைரஸ் போன்றவையும் நெட்வொர்க் பாதையில் மிச்சம் மீதி விட்டுவைத்து இதே அறிகுறியைக் காட்டும். விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ் வழியாக 'நெட்வொர்க் ரீசெட்' கொடுத்தால் அந்தக் குப்பை போகும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் கூடவே போய்விடும், குறித்துவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இப்போது, இணைந்து இணைந்து அறுவது. இதில்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும், ஏனென்றால் எப்போது அறுகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சும்மா விட்டுவைத்தால் அறுகிறது, அல்லது மூடித் திறந்ததும் வருவதில்லை என்றால் மின்சிக்கன அமைப்பு. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் உங்கள் கார்டின் பண்புகளைத் திறந்தால் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவல் இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினி இந்தக் கருவியை அணைக்கலாம் என்று பொருள்படும் பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அதோடு நிறுத்தாமல், பவர் ஆப்ஷன்ஸில் 'வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸ்' என்பதை 'மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். பேட்டரியில் ஓடும்போது, சார்ஜரில் ஓடும்போது என்று அதில் இரண்டு வரிகள் இருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். சார்ஜரில் நன்றாக ஓடி, பேட்டரியில் மட்டும் அறுபடுகிறவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

தொடங்கிக் கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, லேப்டாப் சூடானதும் அறுந்து, ஆறவைத்தால் திரும்ப வருகிறது என்றால் வெப்பம். பல வருடத் தூசி விசிறியை அடைத்திருக்கும். விசிறியைச் சுத்தம் செய்யுங்கள், மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள்.

திரையின் கோணத்தை மாற்றும்போது சிக்னல் ஏறி இறங்குகிறதா? இதைப் பலர் கவனிப்பதே இல்லை, ஆனால் பழைய லேப்டாப்புக்கே உரிய நோய் இது. வைஃபை கார்டு அடிப்பகுதியில் இருந்தாலும் ஆன்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றிய சட்டத்துக்குள் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் மெல்லிய ஒயர்கள் கீல் வழியாகத்தான் போகின்றன. தினமும் திறந்து மூடி, பல வருடத்தில் அந்த இடத்தில் ஒயர் நைந்துபோகும். ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முழு சிக்னல், ஓர் அறை தள்ளிப் போனால் ஒன்றுமில்லை என்பதும் இதன் அடையாளம். எத்தனை டிரைவர் மாற்றினாலும் ஒயர் ஒட்டிக்கொள்ளாது. ஒரே இடத்தில் வைத்துப் போனையும் லேப்டாப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிக்னல் அளவை டிபிஎம் கணக்கில் காட்டும் செயலிகள் இருக்கின்றன. மைனஸ் 50க்குப் பக்கம் அருமை, மைனஸ் 67 வரை நல்லது, மைனஸ் 80 என்றால் அறுந்துகொண்டேதான் இருக்கும். ரூட்டர் பக்கத்திலேயே லேப்டாப் மைனஸ் 70 காட்டினால் ஆன்டெனாவைச் சந்தேகியுங்கள்.

குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், காரணமில்லாமல் அறுகிறது என்றால் சுற்றுப்புறம். மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான் இயங்குகிறது. ப்ளூடூத் அதே அலைவரிசையில்தான் இருக்கிறது, பழைய கார்டுகள் பலவற்றில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே ஆன்டெனாவைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. ப்ளூடூத் ஹெட்செட் போட்டதும் நெட் தொய்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். யூஎஸ்பி 3.0 துளையில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும், இன்டெல் 2012இல் அளந்தே காட்டியிருக்கிறது. டிஸ்க்கை மறுபக்கத் துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

வேகம் குறைவு என்ற புகாரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அங்கே எதிர்பார்ப்பைத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஒற்றை ஆன்டெனா வைத்த 802.11என் கார்டு 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அதிகபட்சம் 72 மெகாபிட்டில் இணையும். கோப்பு இறங்கும் நிஜ வேகம் அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். ரூட்டருக்கு 300 மெகாபிட் வந்தாலும் அந்தக் கார்டு வழியாக அவ்வளவுதான் வரும். இன்னொன்று: பல நேரம் மெதுவாக இருப்பது நெட்டே அல்ல. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் டாஸ்க் மேனேஜரில் 100 சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தால் பக்கம் மெதுவாகத்தான் திறக்கும். நினைவகத்தைக் கூட்டி எஸ்எஸ்டி மாட்டினால் 'வைஃபை வேகமாகிவிட்டது' என்று தோன்றும்.

டிரைவர் விஷயத்துக்குத் தனியாக இடம் கொடுக்க வேண்டும், பாதித் தீர்வுகள் அங்கேதான் போய் நிற்கின்றன. 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நம்பாதீர்கள். அவை தேவையில்லாததைக் கொண்டுவந்து நிறுவும். கார்டு எது என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பண்புகள், 'டீடெய்ல்ஸ்' தாவல், 'ஹார்டுவேர் ஐடிஸ்'. அங்கே VEN (வென்) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் 8086 என்று இருந்தால் இன்டெல், 168சி என்றால் அத்தெரோஸ், 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக். அதற்குப் பின்னால் வரும் DEV (டெவ்) எண் மாடலைச் சொல்லும். முதலில் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரைத் தேடுங்கள், இல்லையென்றால் சிப் தயாரிப்பாளரிடம். விண்டோஸ் அப்டேட் தானாகப் போட்ட டிரைவருக்குப் பிறகு தொல்லை தொடங்கியது என்றால் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் பழையதைத் திருப்பிக் கொண்டுவரும். புதியதுதான் எப்போதும் நல்லது என்று நினைக்க வேண்டாம், பழைய கார்டுக்குச் சில நேரம் அதன் காலத்து டிரைவரே நிம்மதி. ஆனால் 2017 அக்டோபரில் டபிள்யூபிஏ2இல் 'கிராக்' என்ற ஓட்டை வெளியானது. அதற்குப் பிந்தைய பாதுகாப்புத் திருத்தங்கள் லேப்டாப்பில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட்டே இல்லாத லேப்டாப்பில் டிரைவரை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி ஒயரால் மாட்டி, போனில் 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே ஒயர் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும், மொபைல் டேட்டா செலவாகாது. அவசரத்துக்கு வேலை முடிக்கவும் இதே வழி போதும்.

இத்தனைக்கும் பிறகு தெளிவு வரவில்லை என்றால், கோளாறு மென்பொருளிலா வன்பொருளிலா என்று தீர்த்துவைக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்குங்கள். உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாது. அங்கே ஒரு மணி நேரம் வைஃபை அசையாமல் நின்றால் கார்டும் ஆன்டெனாவும் நலம், குற்றவாளி விண்டோஸோ அதன் டிரைவரோதான். அங்கும் அறுந்தால் திருப்புளியை எடுக்கலாம். பிராட்காம் கார்டுக்கு மட்டும் இந்தச் சோதனையை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். பல பிராட்காம் கார்டுகளுக்கு லினக்ஸில் தனியாக டிரைவர் சேர்க்க வேண்டும், அதுவரை கார்டு இல்லாததுபோலவே தெரியும்.

திறப்பதானால், முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பழைய லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் மினி பிசிஐஇ கார்டு, அரை அளவு ரகம் ஏறக்குறைய 30க்கு 27 மில்லிமீட்டர். கொஞ்சம் பிந்தியவற்றில் எம்.2. கார்டைக் கழற்றித் துளையில் திரும்ப அழுத்தமாக உட்காரவைப்பதே சில நேரம் போதுமானதாக இருக்கிறது. கார்டின் மேல் இரண்டு குட்டி வட்ட முனைகளில் ஒயர்கள் குத்தியிருக்கும், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. அவற்றை நேராக மேலே தூக்குங்கள், சாய்த்து இழுத்தால் முனை உடையும். எது எங்கே இருந்தது என்று கழற்றும் முன்பே ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது 'டிக்' என்று உட்கார வேண்டும்.

கார்டை மாற்றுவதானால் வாங்கும் முன் ஒன்றை உறுதிசெய்யுங்கள். சில தயாரிப்பாளர்கள், குறிப்பாகத் திங்க்பேடிலும் ஹெச்பியின் பழைய மாடல்கள் சிலவற்றிலும், தாங்கள் அனுமதித்த கார்டுகளை மட்டுமே பயாஸில் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றுக்கொள்வார்கள். வேறு கார்டு போட்டால் லேப்டாப் தொடங்கவே தொடங்காது. திங்க்பேடில் 1802 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். உங்கள் மாடலில் அந்தத் தடை இருந்தால் தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்கும் இரட்டை அலைவரிசைக் கார்டைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் யூஎஸ்பி வைஃபை அடாப்டர்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் இந்த வரிசையில் போவேன்: ரூட்டரில் 2.4க்குத் தனிப் பெயர், சேனல் 6, டபிள்யூபிஏ2, ஏஎக்ஸ் அணைப்பு. பிறகு லேப்டாப்பில் பழைய இணைப்பை நீக்கிப் புதிதாகச் சேர்ப்பது, மின்சிக்கனத்தை எடுப்பது, டிரைவரைப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவேன். இது எதுவும் பலிக்காமல் பென்டிரைவ் சோதனையும் கார்டைக் கைகாட்டினால் யூஎஸ்பி அடாப்டர்தான் குறைந்த தலைவலி. 5 கிகாஹெர்ட்ஸும் தரும் அடாப்டராக வாங்குங்கள், கட்டைவிரல் நகமளவு குட்டி ரகத்தை விட வெளியே நிற்கும் ஆன்டெனா உள்ளது தூரம் தாங்கும். யூஎஸ்பி 2.0 துளையே போதும், அதன் 480 மெகாபிட் எல்லைக்குள் பழைய கார்டை விடப் பல மடங்கு கிடைக்கும். மாட்டிய பிறகு டிவைஸ் மேனேஜரில் உள்ளே இருக்கும் பழைய கார்டை 'டிசேபிள்' செய்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் இரண்டு வழியாகவும் இணையும், எந்த வழியாக நெட் போகிறது என்றே தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.